எரிமலையைப் பார்ப்பதா, அதன் மேல் நடப்பதா?

அக்காவின் பணி ஓய்வுக்குக் கப்பல் பயணம் என்று முடிவானதுமே காட்பாடி வீட்டில் இரண்டு கட்சிகள் கிளம்பிவிட்டன. மாமாவுக்கு அந்தமானின் பாரன் தீவு, அக்காவுக்கு தென் அமெரிக்க நாடான ஈக்வடாரின் கலாபகஸ் தீவுகள்.

மாமாவின் பக்கம் செலவு குறைவு. காட்பாடியில் ரயில் ஏறி, சென்னையில் விமானம் மாறினால் போர்ட் பிளேர்; 2024 முதல் அது ஸ்ரீ விஜயபுரம். அங்கிருந்து வடகிழக்கே சுமார் 138 கிலோமீட்டரில் பாரன். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் உறங்கி 1991இல் விழித்த எரிமலை. ஆனால் சுற்றுலாப் பயணிகள் கரையிறங்க முடியாது. கப்பலிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். "புகை தெரிந்தால் போதும்" என்கிறார் மாமா. தெரியாவிட்டால், பஸ் ஜன்னல் வழியே வள்ளிமலையைப் பார்த்த கதைதான்.

கலாபகஸில் எரிமலைக் குழம்பின் மேலேயே நடக்கலாம். சாந்தியாகோ தீவின் சல்லிவன் விரிகுடாவில் அது முறுக்கிப் போட்ட தாம்புக்கயிறு போல உறைந்து கிடக்கிறது. நம் ஊர்க் கரடுகளும் கறுப்புதான், ஆனால் இந்தச் சுருக்கங்கள் அவற்றில் இல்லை. கடல் உடும்புகள் பாசியை மேய்ந்துவிட்டு வெயிலில் படுத்து, மூக்கு வழியே உப்பைத் தும்முகின்றன. ஆளைக் கண்டு ஓடுவதில்லை; நாம்தான் இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், அது அங்குள்ள தேசியப் பூங்காவின் விதி. ஆமைகளின் தீனியைத் தின்று தீர்த்த ஆடுகளை அங்கே ஆயிரக்கணக்கில் சுட்டுக்கொன்றார்கள். ஆம்பூர்ப் பக்கம் இதைச் சொன்னால் பெருமூச்சுதான் வரும்.

பூங்கா நுழைவுக்கு மட்டும் 2024 ஆகஸ்ட் முதல் 200 டாலர். ஈக்வடார் கரையிலிருந்தே தீவுகள் சுமார் 1000 கிலோமீட்டர் தள்ளி. விமானச் செலவை நான் கூட்டிப் பார்க்கவில்லை, பயம்தான்.

என் வோட்டு அக்காவுக்கே. சிக்கல் வேறு இடத்தில். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கே பாலிதீன் பை கேட்பவள் அவள். சாந்தா குரூஸ் தீவில் அறை எடுத்து, பகல் படகில் பார்த்தோலோமே தீவு மட்டும் போய்வந்தால் இரவெல்லாம் ஆடாமல் தூங்கலாம். ஆனால் ஊரே இல்லாத பெர்னான்டினா தீவுக்குப் படகிலேயே தங்கிப் போவோரால்தான் போக முடியும். பறக்காத நீர்க்காகங்களும், ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும் உடும்புகளும் அங்கே உண்டு.

"பை நிறைய எடுத்துக்கொள்கிறேன், பெர்னான்டினாவை விடமாட்டேன்" என்கிறாள். மாமா இன்னும் டாலரை ரூபாயாக்கிக்கொண்டிருக்கிறார்.