ரெக்கார்டு நான்காம் எண் இழைப்புளி: ஆறு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கோயம்புத்தூர் உக்கடத்தில் பழைய இரும்பு விற்கும் கடையொன்றில், குழாய் ஸ்பேனர்களுக்கு அடியில் கிடந்த ரெக்கார்டு நிறுவனத்தின் நான்காம் எண் இழைப்புளியை ஆறு ஆண்டுகளுக்கு முன்பு 700 ரூபாய்க்கு வாங்கினேன். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் செய்யப்பட்டது. அமைப்போ அமெரிக்கரான லெனார்ட் பெய்லியினுடையது, அதாவது 1869ஆம் ஆண்டு ஸ்டான்லி நிறுவனம் அவரிடமிருந்து விலைக்கு வாங்கி உலகெங்கும் பரப்பிய அதே அமைப்பு. நீளம் ஏறத்தாழ 9½ அங்குலம், தகட்டின் அகலம் 2 அங்குலம், தகடு சாய்ந்திருக்கும் கோணம் 45 டிகிரி. பணம் கொடுப்பதற்கு முன், அடிப்பாகத்தில் தகட்டின் நுனி வெளியே நீளும் திறப்பான வாயின் இரு ஓரங்களிலும் பக்கச்சுவர்களிலும் விரிசல் இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்தேன். துரு போய்விடும், வார்ப்பிரும்பில் விழுந்த விரிசல் போகாது.

துருவை எடுக்க, பித்தளைப் பாத்திரத்துக்குப் புளி தேய்க்கும் வீட்டுப் பழக்கத்தில், கெட்டியான புளிக்கரைசலில் இழைப்புளியின் இரும்பு உடலை ஊறவைத்தேன். ஓர் இரவு போதுமாக இருந்திருக்கும். இரண்டு நாள் மறந்து விட்டதால் புளியின் அமிலம் துருவோடு நில்லாமல் இரும்பையும் அரித்து, மேற்பரப்பைக் கருஞ்சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக்கிவிட்டது. அந்தக் கறை இன்றும் இருக்கிறது. இழைப்பில் அதனால் எந்தக் குறையும் இல்லை.

அடிப்பாகத்தை மட்டமாக்குவதற்கு நான் செலவிட்ட இரண்டு முழு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்று வீண். தடித்த கண்ணாடியின் மேல் 80ஆம் எண் உப்புத்தாளை ஒட்டி, அடியில் மார்க்கர் பேனாவால் கட்டம் போட்டு, எல்லாக் கோடும் அழியும்வரை தேய்த்தேன். முன்நுனி, வாய்க்கு முன்னுள்ள பட்டை, பின்நுனி ஆகிய மூன்றும் ஒரே மட்டத்தில் வந்தால் போதும், இடையில் சிறு பள்ளம் இருந்தால் அது மரத்தைத் தொடாது என்பது பிறகுதான் புரிந்தது. தேய்க்கும்போது தகட்டை உள்ளே இழுத்துவைத்து, தகட்டை அழுத்திப் பிடிக்கும் அழுத்துமூடியை வழக்கமான இறுக்கத்தில் பூட்டியிருக்க வேண்டும். அந்த இறுக்கத்தில் அடிப்பாகம் மிகச் சிறிதளவு வளையும் என்பதால், கழற்றிவைத்துத் தேய்த்த மட்டம் பூட்டியபின் மட்டமாக இருக்காது.

உண்மையான மாற்றம் வந்தது மேல்தகட்டில். வெட்டும் தகட்டின் முதுகில் அமர்ந்து சீவலை உடனே மடக்கிவிடுவது அதன் வேலை. இரண்டையும் பூட்டி ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது, முன்பு யாரோ கோணலாக அரம் போட்டதால், இடது ஓரத்தில் மயிரிழை அளவுக்கு ஒளி கசிந்தது. அந்த இடைவெளியில்தான் சீவல் நுழைந்து, வாய் அடைத்து, பத்து இழுப்புக்கு ஒருமுறை கழற்றும்படி செய்துகொண்டிருந்தது. மேல்தகட்டின் அடிவிளிம்பை எண்ணெய்க்கல்லில் வைத்து, பின்முனையைக் கல்லின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே தாழ்த்தித் தேய்த்து ஒளியை அடைத்தேன். முன்விளிம்பை ஏறத்தாழ 50 டிகிரிக்குச் செங்குத்தாக்கினேன். இப்போது விளிம்பிலிருந்து 0.2 மில்லிமீட்டர் அளவுக்கு நெருக்கி வைத்தால், ரேகை முன்னும் பின்னுமாகப் புரளும் வேங்கைப் பலகையில்கூடச் செதில் பெயர்வதில்லை. அதே நெருக்கத்தில் தடிமனாகச் சீவ முயன்றால் தள்ளவே முடியாது. முரட்டு வேலைக்கு ஒரு மில்லிமீட்டர் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறேன்.

இழைப்பு உளிதான் இழைப்புளி. பெயரிலேயே உளி இருக்கிறது. உளியின் கூர் இல்லையென்றால் மேலே சொன்ன எதுவும் உதவாது. 25 டிகிரியில் சாணை பிடித்து, நுனியை மட்டும் 30 டிகிரியில் கல்லில் தீட்டுகிறேன். தேக்கு மென்மையாக இழைபடும் மரம்தான், ஆனால் அதிலுள்ள மணற்சத்து கூரைத் தின்றுவிடுகிறது. தேக்குக் கதவுச் சட்டம் இழைக்கும் நாளில் அரைமணிக்கு ஒருமுறை தீட்ட வேண்டியிருக்கிறது. வேறு மரமென்றால் காலையில் தீட்டியது மதியம் வரை தாங்குகிறது.

பழக வேண்டிய குணம் ஒன்று உண்டு. ஆழத்தைக் கூட்டிக் குறைக்கும் பித்தளைச் சக்கரம் முக்கால் சுற்று சும்மா சுற்றும். தகட்டைப் பின்னுக்கு இழுத்து அப்படியே விட்டால் இழைக்கும்போது அது மெல்ல உள்ளே நழுவும். தேவைக்கு மேல் பின்னிழுத்து, பிறகு முன்னே திருகி நிறுத்துவதே சரி. ஆப்பைத் தட்டி அமைக்கும் மர இழைப்புளியில் பழகிய ஆசாரி ஒருவர் என்னுடையதை வாங்கிப் பார்த்துவிட்டு, "சுத்தியலால ரெண்டு தட்டுல முடியிற வேலைக்கு இவ்வளவு திருகாணியா?" என்றார். எடையைப் பற்றி அவர் சொன்னதும் நியாயமே: நாள் முழுவதும் இழைத்தால் மரக்கட்டைதான் தோளுக்கு இதம்.

பராமரிப்பு அதிகமில்லை. அடியில் மெழுகுவர்த்தியால் இரண்டு கோடு இழுத்தால் தள்ளும் சுமை பாதியானதுபோல் இருக்கிறது. துருவுக்கு முதலில் தேங்காய் எண்ணெய் பூசினேன். மார்கழிக் குளிரில் அது உறைந்து தூசியோடு திரிந்ததால் தையல் எந்திர எண்ணெய்க்கு மாறினேன். கைப்பிடியின் உடைந்த கொம்புக்குப் பூவரசுத் துண்டு ஒட்டியிருக்கிறேன்; நிறம் பொருந்தவில்லை, பிடி பொருந்துகிறது. இத்தனை தீட்டலில் தகடு ஐந்து மில்லிமீட்டர் தேய்ந்திருக்கிறது. துளைக்குக் கீழே இன்னும் மூன்று சென்டிமீட்டருக்குக் குறையாமல் எஃகு இருப்பதால் இப்போதைக்குப் புதுத் தகடு வாங்கும் எண்ணமில்லை.