கட்டுப்போட்ட காசா, கைக்காசா: மாநிலத்துக்கு எது நல்லது?

சிங்கப்பூர்ல இருக்குற எங்க அத்தைக்கு அரசாங்கத்துகிட்ட இருந்து உதவி ரெண்டு விதமா வரும். 2025 மே மாசம் வீட்டுக்கு 500 வெள்ளிக்கு, கடையில மட்டும் செலவு பண்ற சிடிசி வவுச்சர், அதுல பாதி சூப்பர்மார்க்கெட்டுக்கு, பாதி ஹாக்கர்னு சொல்ற சாப்பாட்டுக் கடை, அடுக்குமாடி புளோக்குக்குக் கீழ இருக்குற கடைக்குன்னு பிரிச்சே வந்துச்சு. ஜிஎஸ்டி வவுச்சர் கேஷ்ன்ற உதவிப்பணம் அப்படியில்ல, நேரா பேங்க்ல விழும். வவுச்சர்ல அரிசி எண்ணெய் வாங்கிட்டு, கேஷை முட்டிவலி மருந்துக்குன்னு எடுத்து வெச்சுக்குவாங்க.

இந்தியாவுல டெல்லி மாநிலங்களுக்குக் கொடுக்குறதும் கிட்டத்தட்ட இப்படித்தான். ஒண்ணு வரிப்பங்கு, டெல்லி வசூலிக்குற வரியில மாநிலங்களுக்குக் கிடைக்குற பங்கு. அது எவ்வளவுன்னு பரிந்துரைக்குற நிதிக்குழுக்கள்ல, 14வது குழு 32லேர்ந்து 42 சதவீதமாக்குச்சு, 15வது 41. இது கைக்காசு, எதுக்கு வேணா செலவு பண்ணலாம். இன்னொண்ணு திட்ட நிதி, இதுதான் கட்டுப்போட்ட காசு, சொன்ன வேலைக்கு மட்டும்தான், பெரும்பாலும் 60:40, அதாவது 40ஐ மாநிலம் தன் பையிலேர்ந்து போடணும்.

நான் வரிப்பங்கு பக்கம். காரணம் சத்துணவு. காமராஜர் 1956லயே மதிய உணவு ஆரம்பிச்சாரு, எம்ஜிஆர் 1982ல பெருசாக்குனாரு, டெல்லி நாடு முழுக்கக் கொண்டு வந்தது 1995ல, அதுவும் நிறைய மாநிலத்துல வெறும் தானியமாதான் கொடுத்தாங்க, 2001ல சுப்ரீம் கோர்ட் சொன்ன பிறகுதான் சமைச்ச சோறு. திட்டம் வரட்டும்னு காத்திருந்தா எத்தனை புள்ளைங்க பசியோட வகுப்புல உக்காந்திருக்கும்! அந்தப் புள்ளைங்க படிச்சதாலதான் இன்னைக்கு நாட்டுல ஃபேக்டரி வேலை பாக்குற பெண்கள்ல பத்துக்கு நாலு பேர் தமிழ்நாட்டுல இருக்காங்கன்னு நான் நம்புறேன்.

ஆனா எங்க ஆபீஸ்ல பீகார் பாட்னாக்காரர் ஒருத்தர், இங்க சிங்கப்பூர் தேக்கால சாப்பிடும்போது சொன்னாரு, அவரு பொறந்தது வீட்டுல, மருத்துவச்சி கையில, அவரு தங்கச்சி புள்ளை பொறந்தது அரசு ஆஸ்பத்திரில, தங்கச்சி கையில 1400 ரூபாயும் கொடுத்தாங்களாம். அது 2005ல வந்த மத்திய திட்டம். பீகார்ல ஆஸ்பத்திரி பிரசவம் 2005-06ல 19.9 சதவீதம், 2019-21ல 76.2. ரோடு போட்டதும் சேர்ந்துதான் இது, இருந்தாலும் பீகார்ல கட்டுப்போட்ட காசு உயிரைக் காப்பாத்திருக்கு, இதை நான் மறுக்க முடியாது. தமிழ்நாட்டுல அப்பவே 87.8, அதனால அங்க பெரிய மாற்றம் தெரியல. அதே பீகார் 2006ல ஒன்பதாவது படிக்கிற பொண்ணுங்களுக்கு சைக்கிள் கொடுத்துச்சே, அது மாநிலமே யோசிச்சது.

மனசு வலிக்கிறது, நிபந்தனை சம்பந்தமே இல்லாத இடத்துல வரும்போதுதான். 2024-25ல தமிழ்நாட்டுக்கு சமக்ர சிக்ஷான்ற பள்ளிக்கல்வித் திட்டப் பணம் ஏறக்குறைய 2152 கோடி ரூபாய் நின்னுச்சு, பிஎம் ஸ்ரீன்ற வேற ஒரு மத்திய பள்ளித் திட்டத்துல கையெழுத்துப் போடலைன்னு. ஸ்கூல் புள்ளைங்க என்ன பண்ணுச்சு?

என்னைக் கேட்டா, பிரசவம், தடுப்பூசி மாதிரி சிலதுக்கு மட்டும் கட்டுப்போட்டுக் கொடுங்க, மத்ததை வரிப்பங்காவே கொடுங்க. அந்த 40ஐயும் பாருங்க, வடகிழக்கு மாநிலங்களுக்கு 90:10ன்னு இருக்கு, பீகாருக்கும் அப்படிக் கொடுக்கலாமே.