‘75 ஆங்கிள் வரை வளைக்கும்’: ரிங் ரோலிங் இயந்திரம் வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பட்டறைக்கு ரிங் ரோலிங் இயந்திரம் வாங்க விலை கேட்டுக்கொண்டிருக்கும் டெல்டாக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். மூன்று ரோலர்களுக்கு நடுவே பட்டையையும் ஆங்கிளையும் (இரண்டு கால் உள்ள ‘எல்’ வடிவ இரும்பு) விட்டு வட்டமாக வளைக்கும் இயந்திரத்தைச் சொல்கிறேன். தை மாதத்தில் சம்பா நெல் வந்து குவிவதற்கு முன்பு அரிசி ஆலைகளில் பழுது வேலை மொத்தமாக வரும். அதை நம்பித்தான் பலர் கடன் வாங்கி இயந்திரம் இறக்குகிறார்கள். நானும் அப்படி ஒன்றை வாங்கி, சொன்ன வேலையை அது செய்யாமல் ஏமாந்தேன். விவகாரம் வக்கீல் கையில் இருப்பதால் விற்ற நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. விற்ற விதத்தை மட்டும் எழுதுகிறேன்.

மன்னார்குடிப் பக்கம் எங்களுக்கு வரும் வளைய வேலை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, சேற்றுழவுக்கு டிராக்டரில் மாட்டும் கேஜ் வீல். அதன் வளையம் பெரியது. வட்டம் சற்றுக் கோணினாலும் வயலில் ஓடிவிடும். மற்றது ஆலை வேலை: உமி பிரிக்கும் சைக்ளோன், காற்றுக் குழாய், புகைபோக்கி ஆகியவற்றின் பிளாஞ்ச், அதாவது குழாய்களை போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பு வளையம். இது சிறியது. தரையில் வைத்தால் ஆடாமல் உட்கார வேண்டும், ஒன்றின் போல்ட் துளை மற்றதன் துளையோடு பொருந்த வேண்டும். இந்த வேலைக்காகத்தான் தஞ்சாவூரைத் தாண்டித் துவாக்குடி வரை இரும்பை அனுப்பி, வளைத்து வாங்கிக்கொண்டிருந்தோம். வண்டி வாடகை போக மிஞ்சியது கொஞ்சம்தான்.

இயந்திரத்தின் விலைப்பட்டியலில் ‘ஆங்கிள் 75, பட்டை 100’ என்று இருந்தது. அதாவது 75 மி.மீ. கால் உள்ள ஆங்கிள், 100 மி.மீ. அகலமுள்ள பட்டை. அவ்வளவுதான், வேறு விவரம் இல்லை. 60 மி.மீ. அகலமும் 8 மி.மீ. கனமும் உள்ள பட்டையை விளிம்பின்மேல் நிறுத்தி, உள்விட்டம் 500 வரும்படி வளைக்க முடியுமா என்று கேட்டேன். “எழுபத்தைந்து ஆங்கிளே வளைகிறது, அறுபது பட்டை எம்மாத்திரம் அண்ணே” என்றார் விற்பனையாளர். செய்துகாட்டும்போது ஒரு 50×6 பட்டையைப் படுக்கை வசமாக விட்டு, ஒரு மீட்டருக்குக் குறையாத வட்டமாக உருட்டி எடுத்தார். கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது. விளிம்பின்மேல் வளைத்துக் காட்டச் சொன்னபோது, அதற்கான ரோலர் வேறோர் இயந்திரத்தில் மாட்டியிருப்பதாகச் சொல்லிவிட்டார். எழுதித் தரச் சொன்னேன். ‘60×8 பிளாஞ்ச் வளையத்துக்கு ஏற்றது’ என்று விலைப்புள்ளியிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். இன்று எங்கள் தரப்பில் பேசுவது அந்த ஒரு வரிதான்.

மாட்டு வண்டிச் சக்கரத்துக்குக் கொல்லர் பட்டா போடுகிறாரே, அது படுக்கை வசத்து வளைவு. கனம் குறைந்த பக்கம் வளைவதால் இரும்பு எளிதில் இணங்கும். பிளாஞ்சில் அதே பட்டை அகலப் பக்கமாக வளைய வேண்டும். வளைவை இரும்பு எதிர்க்கும் திறனுக்கான கணக்கு எளிதுதான்: அகலத்தை ஒரு முறையும், வளையும் திசையில் உள்ள கனத்தை இரு முறையும் பெருக்கி ஆறால் வகுக்க வேண்டும். 60×8 பட்டைக்குப் படுக்கை வசத்தில் 640 வருகிறது. நிமிர்த்தினால் 4,800. அதாவது ஏழரை மடங்கு. ஏழரை மடங்கு பளுவை ஒற்றைச் சொல்லில் அடக்கிவிடுகிறது அந்தப் பட்டியல். விட்டத்தைச் சொல்லாத பட்டியலுக்கும் மதிப்பில்லை. பெரிய வட்டத்துக்கு மெல்ல இணங்கும் ஆங்கிள், வட்டம் சிறுக்கச் சிறுக்க முரண்டு பிடிக்கும்.

எங்கள் பட்டையில் நடந்ததைச் சொல்கிறேன். உள்விட்டம் 500, வெளிவிட்டம் 620 என்றால் உள்விளிம்பின் சுற்றளவு 1,571 மி.மீ., வெளிவிளிம்பினது 1,948. நடுக்கோட்டில் 1,759. ஆக வெளிவிளிம்பு பத்து விழுக்காட்டுக்கு மேல் நீள வேண்டும், உள்விளிம்பு அதே அளவு சுருங்க வேண்டும். சாதாரணக் கட்டுமான இரும்பு இந்த நீட்சியைத் தாங்கும். ஆனால் சுருங்குகிற பக்கம் நெளியாமல் இருக்க, பட்டையின் இரு முகத்தையும் ரோலர் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். வந்த இயந்திரத்தில் பிடிப்பும் இல்லை, பக்கவாட்டு வழிகாட்டி ரோலரும் இல்லை. உள்விளிம்பு அலை அலையாக நெளிந்தது. அழுத்தத்தைக் கூட்டினால், ஒரு பக்கம் மட்டுமே பேரிங்கில் தாங்கி, மறுபக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மேல் ஷாஃப்ட் நிமிர்ந்துகொண்டது. வளையம் தளம் விட்டு ஏறிச் சுருளாகிவிட்டது. ஆங்கிள் இன்னும் மோசம். இரண்டு கால்களும் நடுக்கோட்டுக்குச் சமமாக அமையாததால் வளையும்போதே முறுக்கிக்கொள்ளும். அதைத் திருத்தத்தான் வழிகாட்டி ரோலர் தேவை. கேட்டபோது, “அது தனி விலை” என்றார்கள்.

சேதாரமே வராது என்றும் சொல்லியிருந்தார்கள். மூன்று ரோலர் இயந்திரத்தில் பட்டையின் இரு முனைகளும் வளையாமல் நேராக நிற்கும். ஒவ்வொரு முனையிலும் ஏறக்குறைய கீழ் ரோலர்களின் இடைவெளியில் பாதி. எங்களுடையதில் இடைவெளி 400 மி.மீ. ஆகவே, முனைக்கு 200 வீதம் ஒரு வளையத்துக்கு 2,159 மி.மீ. வெட்ட வேண்டியிருக்கிறது. ஆறு மீட்டர் பட்டையில் இரண்டு வளையம்தான் தேறும். முழுப் பட்டையையும் சுருளாக உருட்டி, பிறகு வெட்டினால் மூன்று தேறும். அப்படி உருட்ட, சுருளின் இடைவெளியைக் கட்டுப்படுத்தும் பக்கவாட்டு ரோலர் வேண்டும். பழைய பாட்டுதான்.

கடின எஃகு ரோலர் என்றார்களே, அரத்தை வைத்து ஓர் இழு இழுத்தேன். அரம் பிடித்தது. நன்றாகக் கடினப்படுத்திய ரோலரில் அரம் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். எவர்சில்வர் ஆங்கிளைப் பற்றிப் பேசவே வேண்டாம். அது வளைய வளைய இறுகும், ரோலரை விட்டு வெளியே வந்ததும் சாதா இரும்பைவிட அதிகமாக விரிந்துகொள்ளும். பட்டியலில் எழுதும் அளவுகள் பொதுவாகச் சாதா இரும்புக்கு உரியவை.

இன்னொரு புளுகையும் சொல்லிவிடுகிறேன். இந்த இயந்திரம் இருந்தால் கொதிகலன் அழுத்தக் குழாய்களின் பிளாஞ்ச் ஆர்டர்கூடப் பிடிக்கலாம் என்றார் அந்தப் புண்ணியவான். அந்த வேலைக்கு வாங்குகிறவர்கள் ஃபோர்ஜிங் வளையம் கேட்பார்கள். அதை உருட்டும் ஆலையே வேறு. எஃகுத் துண்டை 1,200 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் காய்ச்சி, நசுக்கி, நடுவே துளை போட்டு, அந்தத் துளைக்குள் ஓர் உருளையும் வெளியே ஒரு பெரிய உருளையுமாக வைத்து அழுத்திச் சுழற்றுவார்கள். சுவர் மெலிய மெலிய விட்டம் பெருகும். உயரம் மீறாமல் கூம்பு வடிவ உருளைகள் மேலும் கீழும் பிடித்துக்கொள்ளும். ஒட்டே இல்லாத வளையம் அது, எஃகின் இழையோட்டமும் வட்டத்தோடு சுற்றி வரும். அதற்கும் எல்லை உண்டு: உள் உருளையின் பருமனைவிடச் சிறிய துளை கிடையாது, சுவர் மிக மெலிந்தால் உருட்டி முடிப்பதற்குள் சூடு ஆறிவிடும், கடைசியில் கடைந்தெடுக்கக் கொஞ்சம் கனமும் விட்டாக வேண்டும். பட்டையை வளைத்து முனைகளை வெல்டிங் செய்த எங்கள் வளையத்தை அந்த இடத்தில் யார் வாங்குவார்கள்?

உத்தரவாதத்தில் இருப்பதுதான் பெரிய பொறி. ‘அதிகச் சுமையால் ஏற்படும் சேதம் சேராது’ என்கிறது. ஷாஃப்ட் நிமிர்ந்ததற்கு அதிகச் சுமைதான் காரணம் என்று மெக்கானிக் எழுதிவிட்டுப் போனார். சரியான சுமை எவ்வளவு என்று கேட்டால் ‘ஆங்கிள் 75’ என்ற அதே வரியைக் காட்டுகிறார்கள்.

வாங்கப் போகிறவர்கள் உங்கள் இரும்பை நீங்களே கொண்டுபோங்கள். உங்களுக்கு வேண்டிய மிகச் சிறிய விட்டத்தில், நீங்கள் வாங்கப்போகும் அதே இயந்திரத்தில், பட்டையை இரு வசமும், ஆங்கிளைக் கால் உள்ளே இருக்கும்படியும் வெளியே இருக்கும்படியும் உருட்டச் சொல்லுங்கள். உருட்டியதைச் சமதளத்தில் வைத்துப் பாருங்கள். எந்த ரோலர்கள் விலைக்குள் அடங்கும் என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். இதற்கெல்லாம் நேரமில்லை என்று சொல்லும் கடையிலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

வணிக நோக்கத்தில் வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று விற்றவர்கள் மிரட்டினார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழில் வழியாகப் பிழைப்புக்காக மட்டும் வாங்கியவரை அந்த விலக்கில் சேர்ப்பதில்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், கெடு இரண்டு ஆண்டு. ஆள் வைத்து நடத்தும் பெரிய பட்டறைக்கு இந்த வழி சிக்கலாகலாம், வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இயந்திரம் இப்போது கேஜ் வீல் வளையம் மட்டும் உருட்டுகிறது. அந்த வேலையில் குறை சொல்ல முடியாது. பிளாஞ்சைத் தகட்டிலிருந்து கேஸ் கட்டிங்கில் வெட்டிக்கொள்கிறோம், வீணாகும் தகடு எங்கள் கணக்கில். வக்கீல் நோட்டீசுக்குப் பதில் வந்துவிட்டது: வழிகாட்டி ரோலரைப் பாதி விலைக்குத் தருகிறார்களாம்.