மூன்று வருட டாம்கேட் கிளஸ்டரும் ஒரு எக்செல் பொத்தானும்

ஜாவா வலைச் செயலிகளை ஓட்டும் டாம்கேட் 9 சர்வர் இரண்டு, அவற்றுக்கு முன்னால் லோடு பேலன்சராக, அதாவது கோரிக்கைகளை இரண்டுக்கும் பங்கிட்டு அனுப்ப, ஒரு அப்பாச்சி வெப் சர்வர். மூன்று வருடமாக எங்கள் கணக்கு மென்பொருள் இந்த அமைப்பில்தான் ஓடுகிறது. கிளஸ்டர் (பல சர்வர்கள் ஒன்றாக இயங்கும் அமைப்பு) என்றதும் பயந்துகொண்டேதான் ஆரம்பித்தேன். கடைசியில் கிளஸ்டர் அவ்வளவாகப் படுத்தவில்லை. திரை ஓரத்தில் இருக்கும் ‘எக்செலில் இறக்கு’ பொத்தான்தான் படாதபாடு படுத்தியது.

கிளஸ்டர் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். டாம்கேட்டின் இயல்பான அமைப்பில் நோடுகள் (கிளஸ்டரில் உள்ள ஒவ்வொரு சர்வரும் ஒரு நோடு) 228.0.0.4 என்ற மல்டிகாஸ்ட் முகவரியில், அதாவது ஒரே செய்தி பலருக்கும் போகும் முகவரியில், 45564 போர்ட்டில் ஒன்றையொன்று தேடும். எங்கள் மெய்நிகர் நெட்வொர்க் மல்டிகாஸ்ட்டைக் கடத்தாது. இரண்டும் தனித்தனித் தீவாக நின்றன. நோடுகளின் முகவரியை நேரடியாக எழுதிக் கொடுத்ததும் சேர்ந்துகொண்டன. அப்படியும் செஷன், அதாவது உள்ளே வந்த பயனரைப் பற்றி சர்வர் நினைவில் வைத்திருக்கும் தகவல், மற்ற நோடுக்கு நகலாகவில்லை. செயலியின் அமைப்புகளை வைத்திருக்கும் வெப்.எக்ஸ்எம்எல் கோப்பில் ‘டிஸ்ட்ரிபியூட்டபிள்’ என்ற ஒற்றைச் சொல் இல்லாததுதான் காரணம். பிழைச் செய்தி ஒன்றும் வராததால் ஒரு நாள் முழுக்கப் போனது. அதைப் போட்ட பிறகு சீரியலைஸ் ஆகாத (நகலெடுத்து அனுப்பப் பைட்டுகளாக மாற்ற முடியாத) பொருள்களையெல்லாம் டாம்கேட்டே கத்திக் காட்டிக்கொடுத்தது. அப்புறம் ஒவ்வொரு நோடுக்கும் ஜேவிஎம்ரூட் என்ற அடையாளப் பெயர் வைத்தோம். செஷன் குக்கியின் வாலில் ‘நோடு1’ என்று ஒட்டிக்கொண்டு வரும். லோடு பேலன்சர் அதைப் பார்த்து அதே நோடுக்கு அனுப்பிவிடும். அத்துடன் கிளஸ்டர் அமைதியாகிவிட்டது.

எக்செல் கோப்பை உருவாக்க அப்பாச்சி பிஓஐ என்ற ஜாவா நூலகம். பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் 65,536 வரிசைக்கு மேல் போகாது என்பதால் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் எடுத்தோம். அதில் 10,48,576 வரை போகலாம். கோப்பில் இடம் இருந்தாலும் மெமரியில் இருக்க வேண்டுமே! அந்த வடிவத்துக்கான பிஓஐயின் பகுதி எக்ஸ்எஸ்எஸ்எஃப். அது முழுப் புத்தகத்தையும் ஹீப்பில், அதாவது ஜாவாவின் மெமரியில், கட்டி எழுப்பும். வருடக் கடைசியில் நாலு பேர் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்த, ஒரு நோடு மூச்சுத் திணறி விழுந்தது. அதன் கூட்டம் அப்படியே அடுத்த நோடுக்குப் போனது, அங்கேயும் அதே பொத்தானை அழுத்தியது. மீதி நடந்ததைச் சொல்லவும் வேண்டுமா?

அதன் சிக்கன வடிவமான எஸ்எக்ஸ்எஸ்எஸ்எஃப்-க்கு மாறியதில் மெமரிப் பிரச்சினை தீர்ந்தது. இயல்பாக 100 வரிசையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மற்றதைத் தற்காலிகக் கோப்பில் தள்ளிவிடும். அந்தக் கோப்புகளை அழிக்க டிஸ்போஸ் என்று தனியாகக் கூப்பிட வேண்டும். நாங்கள் வைத்திருந்த பதிப்பில் வெறும் குளோஸ் போதவில்லை. சில வாரம் கழித்து டிஸ்க் நிரம்பியபோதுதான் ‘பிஓஐஃபைல்ஸ்’ என்றொரு அடைவு இருப்பதே எனக்குத் தெரிந்தது.

இதற்குப் பிறகு வந்தவைதான் நிஜமான தலைவலி. பெரிய அறிக்கையைப் பின்னணியில் தயாரித்து, இறக்கும் சுட்டியை மின்னஞ்சலில் அனுப்பினோம். கோப்பு இருந்தது அதை உருவாக்கிய நோடின் டிஸ்க்கில். மின்னஞ்சலை வேறு பிரௌசரில் திறந்தால் பழைய குக்கி இருக்காது, எந்த நோடுக்கும் போகலாம். ஆக, ஒரு முறை கோப்பு வரும், மறுமுறை ‘கோப்பு இல்லை’ என்ற 404 பிழை. ‘ரெஃப்ரெஷ் பண்ணுங்க, வரும்’ என்று நானே பதில் சொல்லியிருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. இப்போது கோப்பு பொதுச் சேமிப்பிடத்துக்குப் போகிறது, அதன் பெயர் டேட்டாபேஸில் இருக்கிறது. கோப்பின் பைட்டுகளை செஷனில் வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. டாம்கேட்டில் செஷனைக் கவனிக்கும் டெல்டாமேனேஜர் அதை எல்லா நோடுக்கும் நகலெடுக்கும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இன்னொன்று கேளுங்கள். ஒரே அறிக்கையில் சிலருக்குத் தேதி ஒரு நாள் முன்னால் காட்டியது. எக்செல் தேதி என்பது நேர மண்டலம் இல்லாத வெறும் எண். பிஓஐ அந்த எண்ணை ஜேவிஎம்மின் (ஜாவா நிரலை ஓட்டும் மென்பொருள்) நேர மண்டலத்தை வைத்துக் கணக்கிடுகிறது. ஒரு நோடு யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருந்தது, மற்றது எங்கள் நேரத்தில். நள்ளிரவு என்று சேமித்த தேதியெல்லாம் யூடிசி நோடில் முந்தைய நாளாகிவிட்டது. அதே நோடில் எழுத்துருக்களும் நிறுவப்படவில்லை. நெடுவரிசை அகலத்தைத் தானாகச் சரிசெய்யும் வரி அங்கே மட்டும் வெடித்தது. இப்போது அகலத்தைக் கையால் கொடுத்துவிடுகிறேன். லட்சம் வரிசையில் தானியங்கி அகலம் எப்படியும் ஆமைதான்.

செல் ஸ்டைலை (கட்டத்தின் தோற்ற அமைப்பு) லூப்புக்குள் உருவாக்கி, ஒரு கோப்புக்கு 64,000 என்ற வரம்பில் முட்டிக்கொண்டதும் உண்டு. அதற்குக் கிளஸ்டர் மேல் பழி போட முடியாது.

மறுபடி செய்வதென்றால் அறிக்கை வேலையை மட்டும் முதல் நாளே தனி ப்ராசஸாகப் பிரித்திருப்பேன். டாம்கேட்டையும் பிஓஐயையும் மாற்ற மாட்டேன். இப்போது ஒவ்வொரு கோப்பின் பண்புகளிலும் அது எந்த நோடில் உருவானது என்று எழுதிவைக்கிறோம். புகார் வந்தால் எண்களைப் பார்ப்பதற்கு முன் அந்த வரியைத்தான் பார்க்கிறேன்.