கோடு எங்கிருந்து வருகிறது? கியாலி, ஜேகர், ஹப்பிள், டெம்போ

ஒரு செயலியின் பகுதிகளான சர்வீஸ்களுக்கு நடுவே ஓடும் டிராஃபிக்கை நிர்வகிக்கும் ‘மெஷ்’ மென்பொருள் இஸ்டியோ. அதோடு வரும் புக்இன்ஃபோ மாதிரிச் செயலியை ஒருமுறையாவது ஓட்டிப் பார்த்திருப்பீர்கள். புராடக்ட்பேஜ், டீடெய்ல்ஸ், ரிவியூஸ், ரேட்டிங்ஸ் என்று நாலே சர்வீஸ். ரிவியூஸுக்கு மட்டும் மூன்று பதிப்புகள். வி1 ரேட்டிங்ஸைக் கூப்பிடவே கூப்பிடாது. வி2 கறுப்பு நட்சத்திரம் காட்டும், வி3 சிவப்பு. எந்த சர்வீஸ் எதை அழைக்கிறது என்று சர்வீஸ் வரைபடம் போடும் கருவி எதுவானாலும் நான் முதலில் இதைக் கொடுத்துத்தான் பார்ப்பேன். நாலு வட்டம் வரைய எல்லோருக்கும் தெரியும். வட்டங்களுக்கு நடுவே ஓடும் கோடு எந்தத் தகவலிலிருந்து வருகிறது என்பதில்தான் கருவிக்குக் கருவி சாயம் வெளுக்கிறது.

ஜேகருக்குக் கோடு ட்ரேஸிலிருந்து, அதாவது ஒரு ரிக்வெஸ்ட் சர்வீஸ் சர்வீஸாகப் போன தடத்தின் பதிவிலிருந்து வருகிறது. ஊபரில் 2015-இல் பிறந்த கருவி இது. ஒரு ரிக்வெஸ்ட் எங்கெங்கே போய் எங்கே மாட்டிக்கொண்டது என்று பார்க்க இதை விட்டால் எனக்கு வேறு கதியில்லை. ஆனால் அதன் சர்வீஸ் வரைபடத்தை நம்பி இறங்கமாட்டேன். எந்த சர்வீஸ் எதை எத்தனை முறை அழைத்தது என்ற எண்ணிக்கை மட்டும் இருக்கும். உடம்பு எப்படி என்ற சேதி இருக்காது. ட்ரேஸ்களை எலாஸ்டிக்சர்ச், கசாண்ட்ரா என்ற தரவுத்தளங்களில் சேமித்தால் அந்தக் கோடுகளைக் கணக்கிடத் தனியாக ஒரு ஸ்பார்க் ஜாப் (மொத்தமாகக் கணக்குப் போடும் வேலை) ஓட வேண்டும். அது நாளுக்கு ஒருமுறை ஓடுகிறது என்றால், விடிகாலை மூன்று மணிக்கு நீங்கள் பார்ப்பது நேற்றைய படம். போதாக்குறைக்கு சாம்ப்ளிங்: எல்லா ரிக்வெஸ்டுக்கும் அல்ல, சிலவற்றுக்கு மட்டுமே ட்ரேஸ் எடுப்பது. ட்ரேஸ்களைத் திரட்டும் கலெக்டர் கொடுக்கும் இயல்பு விகிதம் 0.001, ஆயிரத்துக்கு ஒன்று. எப்போதாவது அழைக்கப்படும் சர்வீஸ் படத்தில் வராமலே போகலாம்.

இஸ்டியோவின் வரைபடக் கருவியான கியாலிக்கு அந்தத் தொல்லை இல்லை. சர்வீஸ் ஓடும் ஒவ்வொரு பாடிலும் (pod) இடைத்தரகனாக உட்கார்ந்திருக்கும் என்வாய் ப்ராக்ஸி எல்லா ரிக்வெஸ்டையும் எண்ணுகிறது. அந்த எண்ணிக்கையை, அளவீடுகளைச் சேமிக்கும் ப்ரொமீதியஸிலிருந்து எடுத்துக் கியாலி வரைகிறது. பதிப்புவாரியான வரைபடத்தைத் திறந்தால் வி1-இலிருந்து ரேட்டிங்ஸுக்குக் கோடே இல்லாதது பளிச்சென்று தெரியும். 500 வரிசைப் பிழை (சர்வர் பக்கத் தவறு) 10 சதவீதத்தைத் தொட்டால் சிவப்பு. வேண்டுமானால் இந்த வரம்பை மாற்றிக்கொள்ளலாம்.

இங்கே ஒரு வேடிக்கை. ரேட்டிங்ஸில் வேண்டுமென்றே பிழையைப் புகுத்திப் பாருங்கள். ரிவியூஸிலிருந்து ரேட்டிங்ஸுக்குப் போகும் கோடு சிவக்கும். புராடக்ட்பேஜிலிருந்து ரிவியூஸுக்கு வரும் கோடோ பச்சையாகவே நிற்கும். ரேட்டிங்ஸ் விழுந்ததை ரிவியூஸ் சமாளித்து 200 (எல்லாம் சரி) என்றே பதில் அனுப்பிவிடுகிறது. வாடிக்கையாளர் பக்கத்தில் நட்சத்திரம் காணாமல் போயிருக்கும். பச்சை என்பது ப்ராக்ஸிக்குத் திருப்தி, அவ்வளவுதான்.

கியாலியில் கால அளவையும் கவனியுங்கள். கடைசி ஒரு நிமிடம் என்றுதான் திறக்கும். இரவில் மட்டும் ஓடும் பேட்ச் ஜாப் போடும் கோட்டைப் பகலில் தேடினால் கிடைக்காது. பாடுக்கொரு ப்ராக்ஸி வைக்காத, இஸ்டியோவின் ஆம்பியன்ட் முறைக்குப் போனவர்களுக்கு இன்னொரு சங்கடம்: எச்டிடிபியைப் படிக்கும் வேபாயின்ட் ப்ராக்ஸி வைக்காத இடங்களில், இணைப்பு இருக்கிறது என்று மட்டும் சொல்லும் வெறும் டிசிபி கோடு மட்டுமே வரும். 500-ஆ 200-ஆ என்று தெரியாதபோது நிறத்துக்கு என்ன அர்த்தம்?

கிளஸ்டரின் நெட்வொர்க்கைக் கவனிக்கும் சிலியத்தின் ஹப்பிள் இன்னும் கீழே, ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கெர்னலிலேயே உட்கார்ந்து பார்க்கிறது. செயலியின் நிரலில் கை வைக்க வேண்டாம், மெஷ்ஷும் வேண்டாம். ஒரு விஷயத்தில் மற்ற மூன்றும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது: யார் யாரோடு பேசலாம் என்ற நெட்வொர்க் பாலிசி தடுத்த இணைப்பை, பாலிசிதான் தடுத்தது என்ற காரணத்தோடு காட்டும். கியாலி அதே இடத்தில் பிழை என்று மட்டும் சொல்லும். எச்டிடிபி விவரம் வேண்டுமென்றால் மட்டும் ஹப்பிளிலும் அந்த டிராஃபிக்கை என்வாய் வழியாக விட வேண்டும். நோடு (கிளஸ்டரின் ஒரு கணினி) ஒன்றுக்கு இயல்பாக 4,095 ஃப்ளோக்களையே (போக்குவரத்துப் பதிவுகள்) நினைவில் வைத்திருக்கும். பரபரப்பான கிளஸ்டரில் அது சில நொடிக் கதை.

மெசேஜ்களை வாங்கி வைத்துக் கொடுக்கும் காஃப்கா நடுவில் வந்தால் கியாலி, ஹப்பிள் இரண்டுமே திணறும். அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் காஃப்காவின் சர்வரான புரோக்கரோடு பேசுவது தெரியும்; யாருடைய மெசேஜ் யாருக்குப் போனது என்பது தெரியாது. கிராஃபானாவின் ட்ரேஸ் சேமிப்புக் கருவியான டெம்போ இங்கேதான் கைகொடுக்கிறது. ட்ரேஸில் ஒவ்வொரு வேலையின் பதிவும் ஒரு ஸ்பான்; அனுப்பிய ஸ்பானையும் பெற்ற ஸ்பானையும் ஜோடி சேர்த்து மெட்ரிக்காக்கி (அளவீடாக மாற்றி) ப்ரொமீதியஸுக்கு எழுதுகிறது. கிராஃபானாவில் ஒவ்வொரு வட்டத்தைச் சுற்றியும் பச்சையும் சிவப்புமாக வளையம். தோல்வி எத்தனை பங்கு என்று ஒரே பார்வையில் பிடிபடும். டெம்போவுக்கு வருமுன்னே சாம்ப்ளிங்கில் ட்ரேஸ்களை வெட்டினால் அந்த வளையமும் வெட்டுப்பட்ட கணக்குதான்.

அழகைப் பார்த்து மயங்கியவர்களுக்கு: நெட்ஃபிளிக்ஸ் 2016-இல் வெளியிட்ட விஸெரலில் டிராஃபிக் புள்ளிபுள்ளியாகப் பறக்கும், அதைவிட அழகான படம் நான் பார்த்ததில்லை. இன்று அந்தத் திட்டத்தில் வளர்ச்சி நின்றுவிட்டது. வீவ்வொர்க்ஸ் நிறுவனத்தின் வரைபடக் கருவியான வீவ் ஸ்கோப்பும் அப்படியே. வீவ்வொர்க்ஸ் 2024-இல் கடையைச் சாத்தியது.

ஏற்கெனவே இஸ்டியோ இருந்தால் கியாலி, யோசிக்கவே வேண்டாம். இல்லாவிட்டால் ஒரு வரைபடத்துக்காக மெஷ் கட்டாதீர்கள். செயலியிலிருந்து ட்ரேஸ் எடுக்க ஓப்பன்டெலிமெட்ரி போட்டு டெம்போவை வையுங்கள். சிலியம் ஓடும் இடத்தில் ஹப்பிளையும் தட்டி எழுப்பலாம். ஜேகரை ட்ரேஸ் பார்க்க மட்டும்.

எதை வைத்தாலும் ப்ரொமீதியஸை அதே கிளஸ்டருக்குள் பூட்டாதீர்கள். 2021 அக்டோபரில் ரோப்லாக்ஸ் விளையாட்டுத் தளம் 73 மணி நேரம் விழுந்துகிடந்தபோது சிக்கல், சர்வீஸ்கள் ஒன்றையொன்று கண்டுபிடிக்க உதவும் கான்சலில் இருந்தது. நிலவரம் காட்ட வேண்டிய கண்காணிப்புக் கருவிகளும் அதே கான்சலை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தன.