மாடல் எஞ்சின் பாகங்களை லேப்பிங்குக்கு அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பார்சல் நேற்று மாலை வந்தது. கோபம் இன்னும் அடங்கவில்லை. அரை மாதச் சம்பளம் போனது ஒரு பக்கம். இருபது வருஷமாக என்னிடம் ஓடிய 2.5 சிசி டீசல் எஞ்சின் இனி ஓடாது என்று நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

பழுது பெரிதாக ஒன்றும் இல்லை. எரிபொருளில் கலக்கும் விளக்கெண்ணெய் வெந்து பழுப்பாகப் படிந்து, சிலிண்டரின் உச்சியில் இருந்து கம்ப்ரஷனைக் கூட்டிக் குறைக்கும் கான்ட்ரா பிஸ்டன் இறுகிவிட்டது. கம்ப்ரஷனும் லேசாகக் குறைந்திருந்தது. இந்த வகை எஞ்சினில் பிஸ்டனுக்கு ரிங் கிடையாது. வார்ப்பிரும்பு பிஸ்டனுக்கும் அது ஏறி இறங்கும் குழாயான எஃகு லைனருக்கும் நடுவில் இருக்கும் சில மைக்ரான் இடைவெளிதான் எல்லாமே. தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அதனால்தான் நானே கை வைக்கப் பயந்து, லேப்பிங் (பொடி கலந்த பேஸ்ட்டைப் பூசி நுணுக்கமாகத் தேய்த்துப் பொருத்துவது) தெரிந்தவரிடம் கொடுக்கலாம் என்று தேடினேன்.

பழைய பொருள்களும் பழுதுபார்க்கும் வேலைகளும் விற்கும் ஒரு தளத்தில் அவரைப் பிடித்தேன். ஒரு வீடியோ போட்டிருந்தார். பிஸ்டனை லைனரின் அடியில் விட்டு விரலால் தள்ளுகிறார். வழுக்கிக்கொண்டு ஏறி, உச்சிக்குப் பக்கத்தில் மெல்ல இறுகி நிற்கிறது. இருக்க வேண்டியது அப்படித்தான். எதை வைத்துத் தேய்ப்பீர்கள் என்று கேட்டேன். “பித்தளை லேப், அலுமினியம் ஆக்ஸைடு பேஸ்ட், கடைசியில் அல்ட்ராசோனிக் வாஷ்” என்று ஒரே நிமிஷத்தில் பதில் வந்தது. லேப் என்பது லைனருக்குள் விட்டுத் தேய்க்கும் உருளை. அந்தப் பதிலில்தான் விழுந்தேன். முழுப் பணத்தையும், அரை மாதச் சம்பளத்தை, முன்னாலேயே அனுப்பிவிட்டேன்.

திரும்பி வந்ததைப் பாருங்கள். எஞ்சினின் உடலான அலுமினிய கிராங்க்கேஸ் கரி பிடித்த மாதிரிக் கறுத்திருக்கிறது. காஸ்டிக் சோடாவில் போட்டிருக்கிறார்! அது அலுமினியத்தையே தின்றுவிடும். முன்பெல்லாம் கேஸைச் சூடாக்கினால்தான் பேரிங் உள்ளே இறங்கும். இப்போது தானாக விழுகிறது. ரேடியேட்டர் கூலன்ட்டில் மிதமான சூட்டில் ஊறவைத்திருந்தால் அந்தப் பழுப்பு இளகியிருக்கும்.

பிஸ்டன் இன்னும் மோசம். உச்சியில் நிற்கவே இல்லை, லைனரைக் கவிழ்த்தால் கீழே விழுகிறது. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தேன். லைனர் முழுக்க மேலிருந்து கீழாக நேர்க்கோடுகள். லேப்பைச் சுழற்றிக்கொண்டே ஏற்றி இறக்கினால் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக விழும். இவர் சும்மா மேலும் கீழும் இழுத்திருக்கிறார். வெள்ளைத் துணியை உள்ளே விட்டேன், சாம்பல் நிறத்தில் வந்தது. எட்டு முறை துடைத்தும் அதே சாம்பல்.

கேட்டதற்கு முதலில் “ஓட்டினால் செட் ஆகிடும்” என்றார். ஓட்டுவது எங்கே? புரொப்பெல்லரைச் சுண்டினால் எதிர்ப்பே இல்லை. அப்புறம் “உங்கள் எண்ணெய் சரியில்லை” என்றார். விடாமல் கேட்டதும் உண்மை வந்தது: சிலிக்கன் கார்பைடு பேஸ்ட்டைப் பூசி, பிஸ்டனையே லைனருக்குள் விட்டுத் தேய்த்தாராம். “அப்பதான் ஜோடி சேரும்” என்கிறார். அந்தப் பொடி வார்ப்பிரும்பில் புதைந்துகொண்டு, ஓட ஓட லைனரை அறுத்துக்கொண்டே இருக்கும். இதைச் சொன்ன பிறகு பதிலே இல்லை. தளத்தில் புகார் கொடுத்தால், “பொருள் கிடைத்தது” என்று நான் அழுத்திவிட்டதால் விஷயம் முடிந்ததாம். பெட்டியைப் பிரிக்கும் முன்பே அழுத்தியிருந்தேன். அரை மாதச் சம்பளம் அந்த ஒரு பட்டனில் போய்விட்டது.

ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் ஓடவில்லை. இப்போதைக்கு இவ்வளவுதான்: முழுப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள். அனுப்பும் முன் பிஸ்டன் எங்கே இறுகுகிறது என்று வீடியோ எடுத்து வையுங்கள். பிரித்துப் பார்க்காமல் எந்தப் பட்டனையும் அழுத்தாதீர்கள். அலுமினியம் இருந்தால் காஸ்டிக் வேண்டாம் என்று எழுத்தில் சொல்லுங்கள். குரோம் பூசிய பித்தளை லைனர் என்றால் லேப்பிங்குக்கே கொடுக்காதீர்கள்.

கிராங்க்ஷாஃப்ட்டை மட்டும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். காலையில் பார்த்தால் கிண்ணத்தின் அடியில் அதே சாம்பல் பொடி.