மைலேஜ் டயர்: 38,000 கிலோமீட்டருக்குப் பிறகு

வண்டியோடு வந்த டயர்கள் தேய்ந்ததும், ‘மைலேஜ் டயர் சார், பெட்ரோல் மிச்சமாகும், எல்லாரும் இதான் போடுறாங்க’ என்று கடைக்காரர் காட்டியதையே நான்கு சக்கரத்துக்கும் போட்டேன். 185/65 ஆர்15 அளவு, பெட்ரோல் கார், பெரும்பாலும் திருச்சி–சென்னை ஓட்டம்.

முதல் மாதம் மைலேஜ் ஏறவே இல்லை. ஏமாந்துவிட்டோமோ என்று நினைத்தேன். தேய்ந்த டயரோடு புது டயரை ஒப்பிட்டது என் தப்பு. புது டயரின் பட்டன், அதாவது தரையைத் தொடும் ரப்பர் கட்டைகள், உயரமாக இருப்பதால் அதிகம் நெளிந்து சக்தியைத் தின்னும். தேய்ந்த டயர் லேசாக உருளும். போதாததற்கு அதன் சுற்றளவு குறைவதால் ஓடிய தூரத்தை மீட்டர் கொஞ்சம் கூட்டியே காட்டும். சரி என்று இரண்டு செட்டையும் 10,000 கி.மீ. ஓடிய நிலையில் வைத்துப் பார்த்தேன். பழையது லிட்டருக்கு 18.2, இது 19. ஆயிரம் கி.மீ.க்கு இரண்டேகால் லிட்டர் மிச்சம். குறை சொல்ல முடியாது.

இரண்டாவது வருட ஐப்பசியில் உளுந்தூர்பேட்டை தாண்டிப் போகும்போது தூறல் பிடித்தது. சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் ஊறி வழுக்கும் அந்த முதல் பத்து நிமிடம். வேகம் 80. முன்னால் போன லாரி பிரேக் அடித்தது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கும் ஏபிஎஸ் காலுக்கடியில் கடகடவென்று உதைக்கிறது, வண்டி போய்க்கொண்டே இருக்கிறது. லாரிக்கு ஒரு முழம் முன்னால் நின்றோம். நானும் நெருக்கமாகத்தான் போனேன், மறைக்கவில்லை. ஆனால் பழைய டயரில் இதே சாலையில், இதே மழையில் இப்படி இழுத்துக்கொண்டு போனதில்லை.

ரப்பர் நெளிந்து சூடாகி வீணாகும் சக்தியைக் குறைத்தால்தான் பெட்ரோல் மிச்சமாகும். ஈரச் சாலையின் சொரசொரப்பில் பிடிப்பு கிடைப்பதோ ரப்பர் நெளிந்து சக்தியை விழுங்குவதால்தான். கலவையில் சிலிக்கா சேர்த்து இரண்டையும் ஒருசேரக் கொடுக்கும் டயர்கள் இருக்கின்றன, விலைதான் கூடுதல். ஐரோப்பாவில் 2012 முதல் இரண்டுக்கும் தனித்தனி கிரேடு ஒட்டித்தான் விற்கிறார்கள். ‘ஏ’ உச்சம், ‘இ’ கடைசி. என் டயருக்கு அங்கே எரிபொருளில் ‘பி’, ஈரப்பிடிப்பில் ‘டி’. வாங்கும் முன் தேடியிருக்கலாம்.

சட்டப்படி பட்டன் 1.6 மி.மீ. ஆகும்வரை ஓட்டலாம். நான் 3 மி.மீ.யிலேயே கழற்றிவிட்டேன். இந்தத் தடவை ஈரப்பிடிப்பு எப்படி என்று கேட்டதற்கு, ‘அதெல்லாம் யாரும் கேக்குறதில்ல சார்’ என்றார் கடைக்காரர். ஈரப்பிடிப்பில் ‘ஏ’ கிரேடு வாங்கியிருக்கிறேன். லிட்டருக்கு 18 சொச்சம்தான் வருகிறது.